மோரா கம்பானியன் கத்தியும் கொட்டாங்குச்சி அகப்பையும்

எட்டு மாதமாக ஒரே ஒரு கத்தியை வைத்துக்கொண்டு சனி, ஞாயிறுகளில் மரம் சீவிக்கொண்டிருக்கிறேன். ஸ்வீடனில் செய்கிற மோரா கம்பானியன், துருப்பிடிக்காத எஃகு வகை. கூடவே தீப்பொறி தட்டுகிற ஃபெரோ தண்டு ஒன்று, ஐந்தாவது மாதம் வாங்கிய, அதே நிறுவனத்தின் 164 என்கிற வளைகத்தி ஒன்று. இந்த மூன்றையும் பற்றித்தான் எழுதுகிறேன். கத்தியைப் பற்றி நிறைய, மற்ற இரண்டையும் பற்றிக் கொஞ்சம்.

இந்த ஆர்வத்துக்கு ஆங்கிலத்தில் புஷ்கிராஃப்ட் என்று பெயர். காட்டிலும் தோப்பிலும் கிடைப்பதை வைத்தே தீ மூட்டுவது, கயிறு திரிப்பது, கரண்டி செதுக்குவது, மழைக்கு ஒரு மறைப்பு போடுவது, இந்த மாதிரி வேலைகள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் மோர்ஸ் கொச்சான்ஸ்கி என்பவர் பல பத்தாண்டுகள் இதைக் கற்றுக்கொடுத்தார், 2019-இல் காலமானார். நான் இதற்குள் வந்தது காணொளிகள் பார்த்துத்தான். பார்த்ததெல்லாம் பனி கொட்டுகிற பைன் காடும் பிர்ச் மரமும். நான் இருப்பதோ திருநெல்வேலி, வார இறுதியில் போகிற இடம் உடன்குடிப் பக்கம் பெரியப்பாவின் பனந்தோப்பு. கால் வைத்தால் புதைகிற செம்மணல் தேரி, பனை, உடை மரம், வேலியோரம் இரண்டு பூவரசு, ஒரு வேம்பு, கிணற்றடியில் நாலு தென்னை. குளிர்நாட்டு மரத்துக்குச் செய்த கத்தி இந்த மண்ணில் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

முதலில் வாங்கியது இந்தக் கத்தி இல்லை. இணையத்தில் படம் பார்த்து மயங்கி ஒரு பெரிய கத்தி வாங்கினேன், முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் வெற்றுக் குழாய், அதன் மூடியில் சின்னத் திசைகாட்டி. எந்தக் கடை, எந்தப் பெயர் என்று சொல்லத் தேவையில்லை, அதே மாதிரி சரக்கு பல பெயர்களில் வருகிறது. மூன்றாவது வாரம் வேப்பங்கிளை ஒன்றைச் சீவும்போது கைப்பிடி ஆட ஆரம்பித்தது. மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தால், அலகின் வால் குழாய்க்குள் அரை விரல் நீளம்தான் போயிருக்கிறது, ஒரு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓங்கி வெட்டும்போது அது கழன்று பறந்திருந்தால் யார் மேலே விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது, பக்கத்தில் பெரியப்பாவின் பேத்தி நின்றுகொண்டிருந்தாள். கைப்பிடி குழாயாக இருக்கிற கத்தியை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அதற்கப்புறம்தான் மோரா. ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்தில் மோரா என்கிற ஊர், அதை ஒட்டி ஓஸ்ட்நோர் என்கிற கிராமம். அங்கே 1891-இல் ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் தொடங்கிய தொழிலிலிருந்து வளர்ந்து வந்தது இந்த நிறுவனம். கம்பானியன் அவர்களுடைய விலை குறைந்த வகைகளில் ஒன்று. நான் கொடுத்தது இரண்டாயிரத்துக்குச் சற்று உள்ளே. அலகு 10 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், தடிமன் 2.5 மி.மீ., எஃகு சான்ட்விக் 12சி27, கடினம் ராக்வெல் அளவில் 56 முதல் 58. ரப்பர் மாதிரிப் பிடிக்கிற கைப்பிடி, பிளாஸ்டிக் உறை. கையில் எடுத்தால் பொம்மை மாதிரி லேசாக இருக்கும். பெரியப்பா முதலில் பார்த்தபோது சொன்னது, "ஏல, இதென்ன எழுத்தாணி மாதிரி இருக்கு?"

ஆனால் இந்தக் கத்தியின் விஷயம் அதன் வாயில் இருக்கிறது. நம் வீட்டுக் காய்கறிக் கத்தியை உற்றுப் பார்த்தால் வாயின் ஓரத்தில் இன்னொரு குட்டிச் சரிவு தெரியும். இதில் அது இல்லை. அலகு முதுகிலிருந்து தட்டையாக வந்து, கீழ்ப்பாதியில் ஒரே சாய்வாக இறங்கி அப்படியே கூர்மையில் முடிந்துவிடுகிறது. ஸ்காண்டி என்பார்கள். அந்த அகலமான சரிவை மரத்தின் மேல் படியவைத்தால், கத்தி எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்பதை அந்தச் சரிவே கைக்குச் சொல்லிவிடும். புதிதாகக் கற்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது சீவிப் பார்த்தால்தான் தெரியும். காய்ந்த பூவரசுக் குச்சி ஒன்றைத் தரையில் ஊன்றி, கத்தியைப் படுக்கவைத்து மெதுவாக இறக்கினேன். முதல் இருபது சீவலும் துண்டு துண்டாக அறுந்து விழுந்தன. நார்க்கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, "அமுக்காத, இழு. பாளைய சீவுற மாதிரி" என்றார். நான் பாளை சீவியதில்லை, ஆனால் அவர் கையை ஆட்டிக் காட்டியது புரிந்தது. கத்தியின் அடியில் தொடங்கி நுனி வரைக்கும் வாய் முழுவதும் மரத்தின் மேல் வழுக்கிப் போக வேண்டும், மணிக்கட்டு அசையக் கூடாது, தோள்தான் வேலை செய்ய வேண்டும். அதற்கப்புறம் சீவிய சுருள் ஒன்று அறுந்து விழாமல் குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு, தாழம்பூ மடல் மாதிரி சுருண்டு நின்றது. அதன் மேலேயே இன்னொன்று, இன்னொன்று. தீ மூட்டுவதற்குச் செய்கிற சுருள் குச்சி இதுதான். எனக்கு அது நாலாவது வாரம்.

மரம் எதுவாக இருந்தாலும் சுருள் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். சவுக்கும் கருவேலமும் காய்ந்துவிட்டால் கல். சீமைக்கருவேலம் எரிவதற்கு நல்ல விறகு, சீவுவதற்கு இல்லை. பூவரசு, வேம்பு, முருங்கைக்குப் பக்கத்து உறவு மாதிரி மெத்தென்று இருக்கிற கல்யாண முருங்கை, இவை பழகுவதற்கு நல்லவை. ஈரமாக இருக்கும்போதே சீவ வேண்டும் என்பது நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது. கரண்டி செதுக்குகிறவர்கள் வெட்டி ஓரிரு நாளான பச்சை மரத்தில்தான் செதுக்குகிறார்கள், காயவைப்பது வேலை முடிந்த பிறகு. கிடைத்தால் வெட்பாலை. சன்னபட்டணத்து மரப் பொம்மைகள் கடைவது அந்த மரத்தில்தான், வெள்ளையாக, நெருக்கமான இழையோடு இருக்கும்.

இந்தக் கத்திக்கு எது ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும், இதெல்லாம் அதன் வடிவத்திலேயே இருக்கிறது, குறை என்று நான் சொல்ல மாட்டேன். கட்டையின் தலையில் கத்தியை வைத்து இன்னொரு கட்டையால் அடித்துப் பிளப்பதைக் காணொளிகளில் நிறையக் காட்டுவார்கள். கம்பானியனின் வால் கைப்பிடியின் கடைசி வரைக்கும் போகாது, அலகும் மெல்லியது. கட்டைவிரல் பருமன் குச்சியை அப்படிப் பிளக்கலாம், உடை மரத்து முண்டை அதில் பிளக்க ஆசைப்படக் கூடாது. முழு வால் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் கார்பெர்க் இருக்கிறது, விலை பல மடங்கு. எனக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் வீட்டில் வெட்டரிவாள் இருக்கிறது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஊர்ப் பட்டறையில் அடித்தது, பெரியப்பாவிடம் பதினைந்து வருஷமாக இருக்கிறது. வெட்டுவது, பிளப்பது, கிளை கழிப்பது எல்லாம் அரிவாள். அதன் பிறகு சீவுவது, துளையைச் சரிசெய்வது, நார் உரிப்பது எல்லாம் மோரா. வெளிநாட்டுக்காரர்கள் கத்தியோடு கோடாரியும் வாங்கச் சொல்வார்கள். நம் ஊர் ஆட்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு கொல்லர் பட்டறைக்கு ஒரு நடை போய் வரலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

நார் உரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சைப் பனை மட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு கீறல் போட்டு, கத்தி நுனியால் நெம்பி, கொஞ்சம் கிளப்பிவிட்டு, பிறகு கையால் பிடித்து இழுத்தால் அகணி நார் நீளமாக வரும். அரிவாளால் கீறினால் ஆழமாகப் போய் நார் இரண்டாக வெட்டுப்படும். இந்த மெல்லிய அலகில் எவ்வளவு ஆழம் போகிறோம் என்பது விரலுக்குத் தெரிகிறது. பெரியப்பாவே இதற்காகக் கத்தியைக் கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டார். மட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற கருக்கை முதலில் சீவி எறிந்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளங்கை கிழிந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, கத்தியின் முதுகு விளிம்பு கூர்மையாக இருக்காது, அதனால் ஃபெரோ தண்டை அதில் சுரண்டினால் பொறி சரியாக வராது. தண்டோடு வருகிற சின்னத் தகட்டை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உடைந்த ஆக்சா பிளேடு துண்டு ஒன்று போதும். இரண்டு, சமையலுக்கு இதை எதிர்பார்க்காதீர்கள். அந்தச் சரிவின் அகலத்தால் கேரட்டை வெட்டினால் வெட்டுப்படுவதற்கு முன்பே பிளந்துகொள்ளும். வெங்காயத்துக்கு வீட்டுக் கத்திதான் சரி.

கார்பன் எஃகா, துருப்பிடிக்காததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கார்பன் எஃகு சீக்கிரம் தீட்டுப்படும், பலருக்கு அதன் மேல்தான் ஆசை. ஆனால் உடன்குடி மாதிரி கடல் காற்று அடிக்கிற ஊரில், வியர்வைக் கையோடு, தேங்காயும் மாங்காயும் வெட்டுகிற கையோடு, ஒரு நாள் துடைக்காமல் வைத்தால் மறுநாள் செம்பழுப்புப் புள்ளி வந்துவிடும். கரையோரத்தில் இருக்கிறவர்கள் யோசிக்காமல் ஸ்டெயின்லெஸ் வாங்கலாம். என்னுடையதில் எட்டு மாதத்தில் ஒரு புள்ளி இல்லை.

தீட்டுவதற்கு 1000 நம்பர் தண்ணீர்க் கல் ஒன்று போதும். சரிவு முழுவதையும் கல்லில் படியவைத்து, தூக்காமல், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், வேகமாகச் சுற்றுகிற கல்லின் சூட்டில் மெல்லிய வாய் பதம் இழந்துவிடும், அந்த ஒற்றைச் சரிவும் போய்விடும். கடைசி மெருகுக்குத் தோல் பட்டையில் மெருகுப் பசை தடவித் தேய்க்கச் சொல்வார்கள். பெரியப்பா பனை ஏறிய காலத்துத் தீட்டுப் பலகையை எடுத்துவந்து போட்டார். நடுவில் குழிவிழுந்து வழவழவென்று இருக்கிற மரப்பலகை, அதன் மேல் பொடித்துச் சலித்த வெங்கச்சங்கல் மாவு. பாளை அரிவாளைத் தினமும் அதில்தான் தீட்டுவாராம், மயிரிழை தடிமனுக்குப் பாளை சீவினால்தான் பதநீர் நிற்காமல் சொட்டும் என்றார். மோராவை அதில் பத்து இழுப்பு இழுத்துக் கொடுத்தார். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு மற்றக் கையால் கத்தியை வைத்தேன், சத்தமே இல்லாமல் இறங்கியது. விலை கொடுத்து வாங்கவிருந்த தோல் பட்டையை அன்றைக்கே இணையக் கடைக் கூடையிலிருந்து நீக்கிவிட்டேன்.

இப்போது வளைகத்தி. கரண்டியின் குழியைத் தோண்டுவதற்கு 164. வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியாக வருகிறது, பார்த்து வாங்க வேண்டும். ஸ்வீடனில் கைவேலை பள்ளிப் பாடமாகவே இருக்கிறது, ஸ்லொய்ட் என்று பெயர், பிள்ளைகள் கத்தி பிடித்துத்தான் வளர்கிறார்கள். அவர்களுக்கு மரத்தில் குழி தோண்டித்தான் கரண்டி. நானும் பூவரசில் இரண்டு கரண்டி செய்தேன், ஒன்று காயும்போது குழியின் நடுவே வெடித்தது, ஒன்று தயிர் சாதத்துக்குப் பயன்படுகிறது. கருவி நன்றாகவே வெட்டுகிறது, ஆனால் வளைந்த வாயைத் தீட்டுவது தனிப் பாடம், குச்சியில் உப்புத்தாள் சுற்றி உள்பக்கம் தேய்க்க வேண்டும். புதியவர்கள் முதல் மாதத்திலேயே வாங்க அவசரம் இல்லை. ஏன் என்றால், நமக்குக் குழி மரத்திலேயே காய்த்துத் தொங்குகிறது.

அகப்பையைச் சொல்கிறேன். முற்றிய தேங்காயின் கொட்டாங்குச்சியில் கண் இல்லாத பாதி. வெளிப்பக்கத்து நாரை மோராவால் சுரண்டி, பிறகு உடைந்த கண்ணாடிச் சில்லால் வழித்து, கறுப்பாக மின்னும் வரைக்கும் தேய்க்க வேண்டும். தேய்த்து முடிக்கையில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. விளிம்புக்கு அரை விரல் கீழே, ஒரே பக்கத்தில், ஒரு விரல் இடைவெளி விட்டு இரண்டு துளை. நான் கத்தி நுனியைத் திருகித் துளை போட்டேன், அப்போதுதான் கத்தி வழுக்கி ஆள்காட்டி விரலில் வெட்டியது, நாலு தையல். கொட்டாங்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு துளை போட்டது என் தப்பு, பலகையில் வைத்து அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும், கைத் துளைப்பானே அதற்குச் சரியான கருவி. இதோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து சீவும்போது இரண்டு தொடைக்கும் நடுவே கத்தியை ஓடவிடாதீர்கள். தொடையின் உள்பக்கத்தில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. முழங்காலுக்கு வெளியே வைத்துச் சீவுங்கள். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்கள் சுருள் குச்சிக்கு முன்னால் இதைக் கற்றுக்கொடுங்கள்.

காம்புக்கு முதலில் பச்சை வேப்பங்குச்சி சீவிச் செருகினேன். அன்றைக்கு இறுக்கமாக நின்றது, இரண்டு வாரத்தில் குச்சி காய்ந்து சுருங்கி, குழம்பு கிண்டும்போதே அம்மா கையில் கழன்று வந்துவிட்டது. குழிக்குப் பச்சை மரம், காம்புக்குக் காய்ந்த மரம் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. இரண்டாவது தடவை காய்ந்த மூங்கிலைப் பிளந்து, நுனியை நாக்கு மாதிரி மெலிதாகச் சீவி, ஒரு துளையில் நுழைத்து மற்றதில் வெளியே எடுத்து, அடியில் ஒரு முளை அடித்தேன். அந்த நாக்கைச் சீவுகிற வேலையில்தான் மோரா உயிரோடு இருக்கிற மாதிரி தெரிந்தது. மூங்கிலில் இழை நேராக ஓடும், கொஞ்சம் தப்பினால் கத்தி இழையோடு ஓடிக் காம்பு பாதியாகப் பிளந்துவிடும். பெருவிரலை முதுகில் வைத்து ஒரு நெல் அகலம் மட்டும் தள்ளித் தள்ளிச் சீவ வேண்டும். நுழைத்துப் பார்த்து, எடுத்து, இன்னும் ஒரு சீவல், மறுபடி நுழைத்து. ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. அது ஆறு மாதமாக வீட்டில் சாம்பார்ச் சட்டியில் இருக்கிறது.

ஃபெரோ தண்டு. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-இல் கண்டுபிடித்த கலவை, இரும்பும் சீரியமும் முக்கியமானவை, சிகரெட் லைட்டரில் இருக்கிற கல்லும் இதுதான். பொறியின் சூடு ஏறக்குறைய 3,000 டிகிரி செல்சியஸ். புதிதாக வாங்கியதும் பொறி வரவில்லை என்று பலர் திருப்பி அனுப்புகிறார்கள், மேலே இருக்கிற கறுப்புப் பூச்சை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். அப்புறம், தகட்டை முன்னால் தள்ளாதீர்கள், தகட்டை அப்படியே பிடித்துக்கொண்டு தண்டைப் பின்னால் இழுங்கள். தள்ளினால் கை போய், தீப்பிடிக்க வைத்திருக்கிற குவியலைக் கலைத்துவிடும். பொறியைப் பிடிக்கிற அந்தக் குவியலுக்கு நாங்கள் தேடி அலையவில்லை. தென்னையின் பன்னாடையைக் கையால் கசக்கிப் பொலபொலவென்று ஆக்கி, நடுவில் ஒரு சிட்டிகை இலவம்பஞ்சு. பஞ்சு மட்டும் வைத்தால் குப்பென்று பிடித்து நொடியில் அணைந்துவிடும், பன்னாடை மட்டும் வைத்தால் பொறி பிடிக்காது. இரண்டும் சேர்ந்தால் மூன்றாவது இழுப்பில் தீ. பழைய தமிழில் ஞெலிகோல் என்று சொன்ன தீக்கடைகோலையும் முயன்று பார்க்கிறேன், இதுவரை புகை மட்டும்தான்.

இதையெல்லாம் நான் செய்வது சொந்தத் தோப்பில், சருகு கூட்டிய வெறும் மணலில், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரோடு. ஸ்வீடனில் யாருடைய காட்டிலும் நடக்கலாம், ஓரிரவு தங்கலாம் என்று ஓர் உரிமை இருக்கிறது, அங்கேகூட உயிருள்ள கிளையை ஒடிக்கக் கூடாது, வறண்ட காலத்தில் தீ மூட்டத் தடை போட்டுவிடுவார்கள். நமக்கு அந்த உரிமை இல்லை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் போய் ஒரு சுள்ளி ஒடித்துத் தீ மூட்டிப் பழகலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை நாம் மறக்கவும் கூடாது. சொந்த நிலம் இல்லாதவர்கள் தெரிந்தவர் தோட்டத்தில் கேட்டுச் செய்யலாம். சீவுவதற்கு மொட்டை மாடியே போதும்.

ஆக, புதிதாக வருகிறவர் வாங்க வேண்டியது ஸ்டெயின்லெஸ் கம்பானியன் ஒன்று, தீட்டுக்கல் ஒன்று, கைத் துளைப்பான் ஒன்று. அரிவாள் ஊரில் அடித்துக்கொள்ளலாம். ஃபெரோ தண்டு ஆசைக்கு. வளைகத்தி ஐந்தாறு மாதம் கழித்து. கரண்டி செதுக்குவதிலேயே முழு மனசும் இருந்தால் கம்பானியனுக்குப் பதில் அதே நிறுவனத்தின் 120 என்கிற செதுக்குக் கத்தியைப் பாருங்கள், அலகு 6 செ.மீ.தான், மரக் கைப்பிடி, நுணுக்க வேலைக்கு அதுதான் கைக்குள் நிற்கும். நான் அடுத்து வாங்கப்போவது அது. கம்பானியன் இப்போது பெரியப்பாவின் அரிவாள் பெட்டியில், பாளை அரிவாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நார் உரிக்க வேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் தருகிறேன் என்று வாங்கி வைத்தார், அது மூன்று வாரத்துக்கு முன்னால்.